இரண்டு விசில்

கண்ணு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். யூனிஃபார்ம் சட்டை தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது, கன்னம் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது, தலைக்கு எண்ணெய் மட்டும் வைப்பதில்லை. எல்லாவற்றையும் நேரில் பார்த்தேன், ஓடிக்கொண்டே பார்த்தேன். நான் நன்றாக இருக்கிறேனா என்று நீ கேட்க வேண்டாம். மூச்சு வாங்குவது அன்றைக்கே நின்றுவிட்டது.

இதைப் போனில் சொல்லலாம்தான். நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ "செரிங்கம்மா, செரிங்கம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். நம் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு வியாதி. கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் "அறுக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்போம். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. இன்று ஞாயிற்றுக்கிழமை. தறிக்குடோனில் ராத்திரிக் காவலை முடித்துவிட்டு வந்து உன் அப்பா தூங்குகிறார். எனக்கு இந்த வாரமும் ஞாயிறே லீவு விழுந்திருக்கிறது. நிதானமாக எழுதப் போகிறேன். சிங்காநல்லூரில் உன் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து படி. நிற்பவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்றாலும், நீ உட்கார்ந்தே படி.

உனக்குக் கண்டக்டர் வேலை கிடைத்த சேதி வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி வராண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து ஒரு நர்ஸம்மா வந்து தண்ணீர் கொடுத்தாள். அதற்கப்புறம் நீ போட்ட கட்டளை ஞாபகம் இருக்கிறதா? "எந்த ரூட்டுன்னு தெரியற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா, கண்ணு பட்டுரும்" என்றாய். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். காலையில் ஸ்டாப்பில் என்னோடு நிற்கிற பெண்களிடம்கூட மூச்சு விடவில்லை. பிறகு ஒருநாள் நீயே கூப்பிட்டு, "பல்லடம் ரூட்டே போட்டுட்டாங்கம்மா, உங்க காலை வண்டிதான், திங்கட்கிழமையிலிருந்து" என்றாய். ஞாயிற்றுக்கிழமை பொழுதுக்கும் உட்கார்ந்து கச்சாயம் சுட்டேன். வெல்லப் பாகு பதம் தப்பாமல், எண்ணெய் குடிக்காமல், என் ஆயுசில் அவ்வளவு நன்றாக வந்ததில்லை. தூக்குப்போசியில் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்டாப்புக்குப் போனேன். வண்டி வரும், நாங்கள் எல்லாம் ஏறுவோம், நீ டிக்கெட் கிழிக்க வருவாய், அப்போது மூடியைத் திறந்து "இவன் எம் பையனுங்க, எடுத்துக்கங்க" என்று சொல்லலாம் என்று ஆசைப்பட்டேன். பைத்தியக்காரி.

அந்த ஸ்டாப்பில் நிற்கிறவர்களை உனக்குத் தெரியாது. சுற்றியிருக்கிற தோட்டங்களிலிருந்தும் காலனியிலிருந்தும் வருகிற பத்துப் பன்னிரண்டு பெண்கள். நகரத்தைப் பெருக்கித் துடைக்கிறவர்கள், துணிக்கடையில் பகல் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுகிறவர்கள், ஹாஸ்டலில் சப்பாத்தி தேய்க்கிறவர்கள். கோழி கூவும் முன்னால் எழுந்து, வீட்டிலிருக்கிறவர்கள் தின்பதற்கு ஆக்கி வைத்துவிட்டு, தாங்கள் தின்னாமல் டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடி வருகிறவர்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு அதுதான் எங்களுக்கு நோம்பி, அதுதான் தீபாவளி. ஒருத்தி பூண்டு உரிப்பாள், ஒருத்தி பூக் கட்டுவாள், ஒருத்தி ஏறிய உடனே பக்கத்தில் இருப்பவள் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். சூலூர் தாண்டும் வரை வீடும் எங்களைக் கூப்பிட முடியாது, வேலையும் எங்களைக் கூப்பிட முடியாது. மகள் காலேஜ் முடித்துவிடுவாள், மருமகன் குடியை விட்டுவிடுவான், முட்டி நோவு இந்தத் தைலத்தில் சரியாகிவிடும், எல்லா நல்லதும் அந்தப் பஸ்ஸில்தான் எங்களுக்கு நடக்கும். இறங்கியதும் ஒன்றும் நடந்திருக்காது. ஆனாலும் மறுநாள் ஏறுவோம்.

எங்களை ரொம்ப நல்லவர்கள் என்றும் நினைத்துவிடாதே. கீழே நிற்கும்வரை "ஏத்துங்க, ஏத்துங்க, சித்தெ உள்ளே தள்ளுங்க" என்று கத்துவோம். ஏறி ஒரு காலை ஊன்றிய அடுத்த நிமிசம், "அக்கட்டால எடமே இல்லீங்க, போலாம் ரைட்" என்று நாங்களே சொல்வோம். அடுத்த ஸ்டாப்பில் கை நீட்டுகிறவளை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வோம். நெரிசல் மனிதரை அப்படித்தான் ஆக்கும். எங்கள் கையில் விசில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன். வண்டி வந்தது. எல்லோரும் கை நீட்டினோம். வேகம் குறைந்த மாதிரி குறைந்து, எங்கள் முகத்தில் தூசியை அடித்துவிட்டு, தூரத்தில் பெட்ரோல் பங்குக்கு முன்னால் போய் நின்றது. அங்கே ஒரு ஆண் இறங்கினான். இது எங்களுக்குப் பழக்கம்தான். காசில்லாத டிக்கெட்டுக்காரிகள் நிற்கிற ஸ்டாப்பைத் தாண்டிப்போய் நிறுத்துகிற புண்ணியவான்கள் சிலர் உண்டு. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எங்களில் மூத்தவள் மயிலாத்தா அக்கா, அவளுக்கு முட்டி தேய்ந்துபோயிருக்கிறது, அவள் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடினாள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் செல்வி. உனக்குத் தெரியாது, சொல்கிறேன். புருசன்காரன் விட்டுவிட்டுப் போய்விட்டான், பால் மறக்காத குழந்தை கையில். நான்தான் சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டிருந்தேன். வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் பின்வாசல் கம்பியைத் தொட்டுவிட்டாள். படியில் நீ நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ செல்வியைப் பார்த்தாய், அவளுக்குப் பின்னால் தூக்குப்போசியோடு ஓடி வருகிற என்னையும் பார்த்தாய். விசிலை வாயில் வைத்தாய்.

ஒரு விசில் என்றால் நிற்கும், இரண்டு விசில் என்றால் கிளம்பும். இது பல்லடத்துச் சந்தைக்கு வருகிற ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். நீ இரண்டு ஊதினாய்.

செல்வி கம்பியை விட்டுவிட்டாள். விழவில்லை, அவள் டப்பாதான் விழுந்தது. தக்காளிச் சாதம் ரோட்டில் சிதறிக் கிடந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்து சேர்ந்த மயிலாத்தா அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "அட கெரகம் புடிச்சவனே! உன்னப் பெத்தவ எந்தப் பஸ்ஸுக்கும் ஓடுனதே இல்லியா? அவ ராணி மாதிரி கார்லயா போறா? அவ நல்லா இருப்பாளா?" என்றாள். இன்னொருத்தி, "பெத்தவளச் சொல்லோணுமுங்க்கா, வளத்துன லட்சணம் அப்பிடி" என்றாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாக நான்தானே பெரிய வாய்? சும்மா நின்றால் சந்தேகம் வரும். நானும் சொன்னேன் கண்ணு. "அவளுக்கு நல்ல சாவே வராதுங்க" என்றேன். என் வாயால், எனக்கே. சொல்லி முடித்தபோது தூக்குப்போசி சுடுகிற மாதிரி இருந்தது.

அடுத்த வண்டி வரவேயில்லை. கடைசியில் பிராய்லர் கோழி ஏற்றிக்கொண்டு போன ஒரு குட்டியானை வண்டிக்காரர் நிறுத்தினார். வயசானவர். "கோழிகளுக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க, ஏறிக்கங்க" என்றார். கூண்டுகளுக்கு நடுவில் ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் முந்தானையுமாக நின்றோம். இறகு வாயில் பறந்தது. கோழிகள் வெட்டுக்குப் போகின்றன, நாங்கள் வேலைக்குப் போகிறோம் என்று மயிலாத்தா அக்கா சொல்ல, அந்த நாற்றத்திலும் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததும் பசித்தது. "அந்தப் போசியில என்ன பாப்பா?" என்று அக்கா என்னைக் கேட்டாள். திறந்தேன். செல்விக்கு இரண்டாக எடுத்துக் கொடுத்தேன். "என்னக்கா விசேசம்?" என்று கேட்டது அந்தப் பெண். "சும்மாதான் அம்மணி, வெல்லம் கெடந்துச்சு" என்றேன். என் மகனுக்கு வேலை கிடைத்த இனிப்பை, அவன் விட்டுவிட்டுப் போனவர்கள் கோழிக்கூண்டுக்கு நடுவில் நின்று தின்றார்கள். நன்றாக இருக்கிறது என்று விரலை நக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் மூக்கைப் பொத்திக்கொண்டான். என்னைப் பழைய ஆள் என்று பின்பக்கத்துக் கக்கூஸ்களுக்கு அனுப்பிவிட்டான், அங்கே எந்த வாடையும் தெரியாது அல்லவா. செல்வியைப் பார்த்து, "இந்த வாடையோட வார்டுக்குள்ள போக முடியாதுங்க. ஊட்டுக்குப் போயி தண்ணி வாத்துக்கங்க. வேணும்னா கூப்புடறோமுங்க" என்றான். எத்தனை 'ங்க' போட்டான் பார். அவள் வாசலில் நின்று என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கூப்பிடவே இல்லை. அவள் இடத்தில் மூன்றாம் நாளே வேறு ஆள் வந்துவிட்டது.

பொழுதோடு நீ போன் செய்தாய். "நீங்க நின்னதப் பாக்கலீங்கம்மா" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருப்பது உனக்குப் பயம், சின்ன வயசிலிருந்தே. உடனே கதையை மாற்றினாய். "டிரைவர் அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாருங்கம்மா. அந்த ஸ்டாப்புல நின்னா பத்துப் பேரு ஏறுவீங்க, ஒரு டிக்கெட் காசு விழாது, வண்டி மட்டும் லேட்டாகும்னாரு. புதுசா வந்தவன் நான் என்னங்கம்மா பண்றது?" என்றாய். இந்த இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முதலாவதில் பொட்டு உண்மை இல்லை. நீ என்னைப் பார்த்தாய் சாமி. பார்த்துவிட்டு ஊதினாய். பச்சைச் சேலை யூனிஃபார்மில், சடை அவிழ்ந்து, வாயைப் பிளந்துகொண்டு ஓடி வருகிறவள் உன் அம்மா என்று அந்தப் பஸ்ஸில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று ஊதினாய். தப்பாகச் சொல்கிறேன் என்றால் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது என் கண்ணைப் பார்த்துச் சொல்.

நீ ஏழாவது படிக்கும்போது உன்னையும் இப்படித்தான் விட்டுவிட்டுப் போவார்கள், மறந்துவிட்டதா? இலவச பாஸ் வைத்திருக்கிற பையன்கள் நின்றால் வண்டி நிற்காது. ஒருநாள் முழுப் பரீட்சைக்குப் போகும்போதே விட்டுவிட்டார்கள். நீ ரோட்டுக் கல்லை எடுத்துப் பின் கண்ணாடியில் அடித்துவிட்டாய். மறுநாள் கண்டக்டர் உன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தான். நான் அவன் காலில் விழாத குறை. அவன் போன பிறகு நீ மூக்கைச் சிந்திக்கொண்டு, "நான் பெரிய கண்டக்டராயி, இவன்ற பையன பஸ்ஸுல ஏத்தவே மாட்டேன்" என்று சபதம் போட்டாய். நானும் உன் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் மகன் உனக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது, கையில் கிடைத்த எங்களைப் பிடித்துக்கொண்டாய். அடி வாங்கியவன் திருப்பி அடிக்க ஆளைத் தேடுவான், அது உலக வழக்கம். ஆனால் அடித்தவன் எப்போதும் கையில் சிக்க மாட்டான். கைக்கு எட்டுவது இளைத்தவன்தான். செல்விதான்.

இதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். திட்டிவிட்டு மறந்திருப்பேன், பெற்ற வயிறு அப்படித்தான். நீ வியாழக்கிழமை செய்தாயே, அதுதான் என்னை உட்காரவைத்து எழுத வைத்தது.

வியாழக்கிழமை வண்டி நின்றது. எங்கள் ஸ்டாப்பிலேயே, முன்வாசல் சரியாக என் காலுக்கு நேராக வரும்படி நின்றது. எல்லோருக்கும் ஆச்சரியம். நீ முன்வாசலுக்கே வந்து நின்று, "ஏறுங்கம்மா" என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். பையன் திருந்திவிட்டான் என்று நினைத்து ஏறினேன். என் இரண்டாவது கால் படியை விட்டு மேலே வருவதற்குள் விசில் கேட்டது, இரண்டு. திரும்பிப் பார்த்தால் மயிலாத்தா அக்கா ஒரு காலைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருக்கிறாள், வண்டி நகர்கிறது, அவள் பின்னால் அத்தனை பேரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். "நிறுத்துடா!" என்று நான் கத்திய கத்தலில் டிரைவரே பிரேக் போட்டுவிட்டான். நான் இறங்கினேன். நீ படியில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "என்னங்கம்மா நீங்க, உங்களுக்காகத்தான நிறுத்துனேன்?" என்றாய். அப்புறம் உன் வண்டி போய்விட்டது.

கண்ணு, என்னை விட்டுவிட்டுப் போனபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அப்போது நான் அவர்களில் ஒருத்தி. அவர்களோடு ஓடினேன், அவர்களோடு திட்டினேன். நீ எனக்கு மட்டும் நிறுத்தினாயே, அன்றைக்குத்தான் நீ என்னை நடுரோட்டில் இறக்கிவிட்டாய்.

வண்டி போனதும் மயிலாத்தா அக்கா, "உங்க பையனுங்களா?" என்று கேட்டாள். என்னைப் 'பாப்பா' என்று கூப்பிடுகிறவள் அவள். "ஆமாங்க்கா" என்றேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அன்னைக்குக் கச்சாயம் அதுக்குத்தானுங்களா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

வெள்ளியும் சனியும் நீ வரவில்லை, வேறு கண்டக்டர் வந்தான், அவனும் தாண்டிப்போய்த்தான் நிறுத்தினான். ஓடினோம். யாரும் அவனைத் திட்டவில்லை, நான் பக்கத்தில் இருக்கிறேனே. பஸ்ஸில் எனக்கு இடம் விட்டு எழுந்து, "உக்காருங்க" என்றார்கள். கண்டக்டர் அம்மாவாம். என் தோளில் சாய்ந்து தூங்குகிற பெண் கம்பியில் சாய்ந்து தூங்கினாள், தலை டொக் டொக் என்று இடித்துக்கொண்டே இருந்தது. வீட்டிலும் இல்லாத, வேலையிலும் இல்லாத அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கென்று இருந்தது. அதையும் நீ டிக்கெட் மாதிரிக் கிழித்துவிட்டாய்.

உனக்குப் புத்தி சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன் என்றாலும், சொல்வதற்கு என்னிடம் பெரிய புத்தி ஒன்றும் இல்லை. அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிற பிள்ளை என்று பெயர் வாங்குவது சுலபம். ரௌடிகூட வாங்கிவிடுவான். ஸ்டாப்பில் நிற்கிறவர்களில் யாரும் உன் அம்மா இல்லை என்று தெரிந்த பிறகும் நிறுத்துகிறாயா என்பதுதான் கேள்வி. "எல்லாரும் உனக்கு அம்மாதான்" என்று மேடைப் பேச்சு பேச மாட்டேன். அவர்கள் யாரும் உனக்கு அம்மா இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், அவ்வளவுதான். அது போதும் நிறுத்துவதற்கு.

டிரைவர் முறைப்பான். "ஓசிக் கூட்டத்துக்கு நின்னுக்கிட்டிருக்கான் பாரு" என்பான். முறைக்கட்டும். அவனைப் பெற்றவள் எங்காவது ஒரு ஸ்டாப்பில் நிற்கிறாளா என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பார்.

இன்னொரு சேதி. நேற்று பொழுதோடு செல்வி வீட்டுக்கு வந்தாள். சிங்காநல்லூரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டிருக்கிறார்களாம், அவளே தேடிப் பிடித்திருக்கிறாள். "முதல் நாளே லேட்டாப் போனா வேண்டாம்னுருவாங்களாக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு உன்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வந்து என்னிடம்தான் கேட்டாள். குழந்தை என் மடியில் ஏறி, டப்பா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது. "வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க அம்மணி, நேரத்துக்குப் போயிருலாம்" என்று சொல்லிப்போட்டேன். உன்னை நம்பித்தான் சொன்னேனா, வீம்புக்குச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. நாளை மறுநாள், செவ்வாய்க்கிழமை, அவளுக்கு முதல் நாள். செவ்வாயிலிருந்து மறுபடியும் உனக்கு இந்த ரூட்டுதான் என்று உன் அப்பாவிடம் நீயே சொன்னாயாம்.

இந்தக் கடிதத்தை உன் அப்பா நாளைக்கு உன் ரூமில் கொண்டுவந்து கொடுப்பார். செவ்வாய்க்கிழமை முன்வாசலை என் காலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தாதே. நான் அங்கே முன்னால் நிற்க மாட்டேன். செல்வி முதலில் ஏறுவாள். அப்புறம் துணிக்கடைப் பெண்கள், சப்பாத்திக்காரிகள். அப்புறம் மயிலாத்தா அக்கா ஏறுவாள், அவளுக்கு ஒரு காலைத் தூக்கி வைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், கையைப் பிடித்து ஏற்றினால் ஒன்றும் குறைந்துபோக மாட்டாய். எல்லோருக்கும் கடைசியில் நான் நிற்பேன். இனி என்றைக்கும், அந்த வண்டியில் நீ இருக்கிற எல்லா நாளும், கடைசியில்தான் நிற்பேன். அத்தனை பேரும் ஏறாமல் உன் அம்மா ஏற மாட்டாள். அதற்குமேல் உன் விசில், உன் வாய்.

உன்
அம்மா